ரவுட்டரின் பெயரும் முகவரியும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் இணைப்பில், வலையமைப்புகளில் தரவு செல்லும் பாதைகள் எவ்வாறு கணக்கிடப்படுகின்றன என்பதை விளக்கி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். லிங்க்-ஸ்டேட் என்னும் முறையைப் பொதுவாசகருக்குப் புரியும்படி எழுதுவது எளிதன்று. கட்டுரையாளர் அதைப் பெரும்பாலும் செம்மையாகவே செய்திருக்கிறார். ஆயினும், தரவுக்கு வழிகாட்டி அனுப்பும் கருவியான ரவுட்டர் ஒவ்வொன்றும் தன் ஐபி முகவரியால் மற்ற ரவுட்டர்களுக்கு அடையாளம் தெரிகிறது என்று அவர் எழுதியிருப்பது பிழை. இத்துறையில் பல ஆண்டுகள் பணியாற்றிய பொறியாளன் என்ற முறையில், இந்தப் பிழையைச் சிறிதென்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில், பயிற்சி பெற்ற பொறியாளர்களே இதே எண்ணத்தோடு வேலை செய்து, பெரிய வலையமைப்புகளை நிலைகுலையச் செய்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். கட்டுரையோடு வெளியான படத்தில் மூன்றாவது ரவுட்டருக்கும் ஐந்தாவது ரவுட்டருக்கும் 10.0.0.3 என்ற ஒரே எண் அச்சாகியிருப்பதையும் கவனித்தேன். அச்சுப்பிழையாகத்தான் இருக்கும். ஆனால் நான் சொல்ல வந்ததை அந்தப் படமே எனக்கு முன் சொல்லிவிட்டது.

லிங்க்-ஸ்டேட் முறையில் எந்த ரவுட்டரும் அடுத்த ரவுட்டர் சொல்லும் பாதையை அப்படியே ஏற்பதில்லை. ஒவ்வொன்றும் தன்னோடு நேரடியாக இணைந்துள்ள இணைப்புகள் எவை, பாதைகளை ஒப்பிடுவதற்காக அவற்றுக்கு இடப்பட்ட 'செலவு' எண் எவ்வளவு என்பதை மட்டும் ஓர் அறிவிப்பாக எழுதி வெளியிடுகிறது. அந்த அறிவிப்பு கை மாறிக் கை மாறி எல்லா ரவுட்டர்களையும் அடைகிறது. எல்லாருடைய அறிவிப்புகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ரவுட்டரும் முழு வலையமைப்பின் வரைபடத்தைத் தானே வரைந்து, 1959-இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா வெளியிட்ட குறும்பாதைக் கணக்கீட்டைக் கொண்டு தனக்கு உகந்த பாதைகளைக் கண்டறிகிறது. இந்த ஏற்பாட்டில் ஓர் அறிவிப்பை யார் எழுதினார் என்பது ஐயமின்றித் தெரிந்தால்தான் வரைபடத்தில் அதை எந்தப் புள்ளியோடு சேர்ப்பது என்பது தெரியும். புதிய அறிவிப்பு வரும்போது எந்தப் பழைய அறிவிப்பை நீக்கிவிட்டு இதை வைப்பது என்பதும் அவ்வாறே. லிங்க்-ஸ்டேட் முறையில் இயங்கும் ஓஎஸ்பிஎஃப் (OSPF) என்னும் நெறிமுறையில் ஓர் அறிவிப்பின் அடையாளம் மூன்று பகுதிகளைக் கொண்டது: அதன் வகை, அதற்குரிய எண், அதை வெளியிட்ட ரவுட்டரின் ஐடி, அதாவது அடையாள எண். மூன்றும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே அறிவிப்பின் பழைய, புதிய படிகள் என்றே மற்ற ரவுட்டர்கள் முடிவு செய்யும். வேறெதையும் அவை பார்ப்பதில்லை.

அந்த ரவுட்டர் ஐடி என்பது என்ன? இணைய நெறிமுறைகளை விளக்கும் ஆர்எஃப்சி (RFC) என்ற ஆவணத் தொடரில் ஜான் மாய் எழுதி 1998 ஏப்ரலில் வெளியான ஆர்எஃப்சி 2328, ஓஎஸ்பிஎஃப் இரண்டாம் பதிப்பின் நிலையான வரையறை. அதன்படி ரவுட்டர் ஐடி என்பது ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள வலையமைப்பு முழுவதிலும் ஒரு ரவுட்டரைத் தனித்துக் காட்டும் 32 பிட் எண். அவ்வளவே. அதே ஆவணம், ரவுட்டருக்கு இடப்பட்ட ஐபி முகவரிகளுள் மிகப் பெரியதையோ மிகச் சிறியதையோ ஐடியாக எடுத்துக்கொள்வது ஒரு வழி என்றும் சொல்கிறது. குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஐபி முகவரியும் 32 பிட், ஐடியும் 32 பிட். இரண்டையும் நான்கு எண்களாகப் பிரித்து இடையே புள்ளியிட்டு எழுதுவது வழக்கம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம். 10.0.0.3 என்ற ஐடி கொண்ட ரவுட்டரில் அந்த எண்ணுடைய முகவரி எங்குமே இல்லாமல் இருக்கலாம். அந்த எண்ணுக்குப் பிங் என்னும் சோதனைச் செய்தி அனுப்பினால் பதில் வராது, ஆனாலும் வலையமைப்பு குறையின்றி நடக்கும். முகவரி என்பது ஒரு தரவுப் பொட்டலத்தை எங்கே கொண்டுசேர்ப்பது என்பதற்கானது. ஐடி என்பது ஒரு சொல்லை யார் சொன்னார் என்பதற்கானது.

இந்த வேறுபாட்டில் ஐயமுள்ளவர்கள் ஐபிவி6 என்னும் புதிய முகவரி முறையில் இயங்கும் வலையமைப்பைப் பார்த்தால் தெளிவடைவார்கள். அங்கே முகவரிகள் 128 பிட் நீளமானவை. ஆனால் அதற்கென எழுதப்பட்ட ஓஎஸ்பிஎஃப் மூன்றாம் பதிப்பில், 2008-இல் திருத்தி வெளியிடப்பட்ட ஆர்எஃப்சி 5340 வரையிலும், ரவுட்டர் ஐடி அதே 32 பிட்டாகவே இருக்கிறது. பழைய ஐபிவி4 முகவரி ஒன்றுகூட இல்லாத ரவுட்டருக்குத் தானாக எடுத்துக்கொள்ள எண் ஏதும் கிடைக்காது. நாம் ஓர் எண்ணைக் கையால் எழுதித் தரும்வரை அங்கே ஓஎஸ்பிஎஃப் தொடங்க மறுக்கும் ரவுட்டர்கள் உண்டு. இதைத் தொல்லை என்று சொல்லிப் புலம்புவோர் பலர். எனக்கென்னவோ அந்த மறுப்பே சரியான நடத்தை என்று படுகிறது.

சரி, இரண்டு ரவுட்டர்கள் ஒரே ஐடியை வைத்துக்கொண்டால் என்ன நேரும்? கட்டுரையின் படத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்றாவது ரவுட்டர், "நான் 10.0.0.3, இரண்டாவது ரவுட்டரோடும் நான்காவது ரவுட்டரோடும் இணைந்திருக்கிறேன்" என்று அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு பரவிப் பரவி ஐந்தாவது ரவுட்டரை அடைகிறது. ஐந்தாவது திகைக்கிறது: தன் பெயரில் ஓர் அறிவிப்பு, ஆனால் தான் எழுதாதது, அறிவிப்புகளுள் எது புதியது என்று காட்டும் வரிசை எண்ணோ தன்னுடையதைவிடப் பெரியது. இப்படி ஒரு நிலைக்கு நெறிமுறையில் விதி உண்டு. ஒரு ரவுட்டர் அணைந்து மீண்டும் எழும்போது, அணைவதற்கு முன் தான் வெளியிட்ட பழைய அறிவிப்பு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கலாம் அல்லவா? அத்தகைய பழைய அறிவிப்பைக் கண்டால், அதன் வரிசை எண்ணைவிட ஒன்று கூட்டிப் புதிய அறிவிப்பை வெளியிட்டுப் பழையதை வெல்ல வேண்டும் என்பதே அவ்விதி. நல்ல விதிதான். ஐந்தாவது ரவுட்டரும் அவ்விதிப்படியே செய்கிறது. அந்தப் புதிய அறிவிப்பு மூன்றாவதை அடைந்ததும் அதுவும் அதே விதிப்படி இன்னும் ஒன்று கூட்டி வெளியிடுகிறது. இரண்டும் விதியை மீறவில்லை. இரண்டும் தன் பழைய நிழலோடு போராடுவதாகவே எண்ணிக்கொண்டிருக்கின்றன.

இதைத் தொழில் வழக்கில் வெள்ளப் போர் என்று சொல்வதுண்டு. ஒரு ரவுட்டர் ஒரே அறிவிப்பை ஐந்து வினாடிக்கு ஒருமுறைக்கு மேல் புதுப்பிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பதால் போரின் வேகம் ஓரளவு அடங்கியிருக்கும். ஆனால் அது தானாக ஓயும் என்று காத்திருக்க இயலாது: ஐந்து வினாடிக்கு ஒன்று என்ற வேகத்தில் 32 பிட் வரிசை எண்கள் அனைத்தும் தீர்வதற்கு 680 ஆண்டுகள் ஆகும்!

போரின் விளைவை அனுபவிப்பது மற்ற ரவுட்டர்கள். அவற்றின் தரவுத்தளத்தில் 10.0.0.3 என்ற பெயருக்கு ஓரிடம்தான் உண்டு. அந்த இடத்தில் ஒரு கணம் மூன்றாவதின் அறிவிப்பு இருக்கும், அடுத்த கணம் ஐந்தாவதின் அறிவிப்பு இருக்கும். ஓர் இணைப்பின் இரு முனைகளில் உள்ள ரவுட்டர்களும் ஒன்றையொன்று சுட்டினால்தான் அந்த இணைப்பைக் கணக்கில் கொள்வது என்பது குறும்பாதைக் கணக்கீட்டின் நிபந்தனை. ஆகவே, மூன்றாவதின் அறிவிப்பு இருக்கும்போது, ஐந்தாவதோடு இணைந்த ஆறாவது ரவுட்டர் "நான் 10.0.0.3-உடன் இணைந்திருக்கிறேன்" என்று சொன்னாலும், 10.0.0.3 அதை ஆமோதிக்காததால் அந்த இணைப்பு வரைபடத்திலிருந்து மறைகிறது. சில வினாடிகளில் நிலைமை தலைகீழாகிறது. கம்பிகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, விளக்குகள் எல்லாம் எரிகின்றன, ஆனால் ஒரு பக்கத்துப் பயனர்களுக்கு இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லா ரவுட்டர்களும் பாதைகளை மறுபடி கணக்கிடுவதால் அவற்றின் சுமையும் ஏறும். பழுதின் தோற்றம் ஓரிடத்தில், காரணம் வேறிடத்தில் என்பதால், அனுபவமில்லாதவர்கள் கம்பிகளையும் ஒளியிழைப் பொருத்திகளையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட "கடைசி வார்த்தைகள்" உலவுவதன் கேடு இத்துறைக்குத் தொடக்கத்திலேயே தெரிந்த ஒன்று. 1980 அக்டோபர் 27 அன்று, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் முழுவதும் பல மணி நேரம் செயலிழந்தது. அங்கே இரட்டை ஐடி இல்லை. வன்பொருள் கோளாறால் பிட்டுகள் உதிர்ந்து, 50 என்ற எண்ணுடைய கணுவின் (அன்றைய ரவுட்டரின்) பெயரில் 44, 40, 8 ஆகிய வரிசை எண்களோடு மூன்று அறிவிப்புகள் ஒரே நேரத்தில் சுற்றத் தொடங்கின. அப்போது வரிசை எண் 6 பிட் மட்டுமே கொண்டு வட்டமாகச் சுழல்வது. 40-ஐவிட 44 புதியது, 44-ஐவிட 8 புதியது, 8-ஐவிட 40 புதியது என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு கணுவும் மூன்றையும் மாறி மாறிப் புதியதென்று ஏற்று மற்றவற்றுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. கடைசியில், 50-ஆம் கணுவின் பெயரில் வரும் அறிவிப்புகள் எவற்றையும் பொருட்படுத்த வேண்டாம் என்ற திருத்தத்தை மற்றக் கணுக்களில் இட்ட பிறகே வலையமைப்பு மீண்டது. எரிக் ரோசன் எழுதி 1981-இல் வெளியான ஆர்எஃப்சி 789 இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. பின்னர் ரேடியா பெர்ல்மன், வரிசை எண்ணை வட்டத்திலிருந்து நேர்கோட்டுக்கு மாற்றி, அறிவிப்புகளுக்கு வயது வரம்பும் விதிக்கும் முறையை 1983-இல் முன்வைத்தார். இன்றைய நெறிமுறைகள் அந்த வழியில் வந்தவை. ஓஎஸ்பிஎஃப் அறிவிப்பு ஒன்று புதுப்பிக்கப்படாவிட்டால் 3600 வினாடிகளில் காலாவதியாகிவிடும். ஆனால் நேர்கோட்டு எண்ணும் வயது வரம்பும் ஒரே பெயரில் உயிரோடிருக்கும் இரு ரவுட்டர்களுக்கு எதிராக உதவ மாட்டா. அந்த நிலை ஏற்படாது என்ற நம்பிக்கையின் மேல்தான் இவை எல்லாமே கட்டப்பட்டுள்ளன. அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டியவர்கள் மனிதர்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். நான் பணிபுரிந்த ஒரு நிறுவனத்தின் வலையமைப்பில், எந்த ரவுட்டருக்கும் ஐடியைக் கையால் எழுதும் வழக்கம் இல்லை. லூப்பேக் எனப்படும், எந்தக் கம்பியோடும் சேராது மென்பொருளுக்குள் மட்டுமே இருக்கும் இடைமுகத்தின் முகவரிகளுள் மிகப் பெரியதை ரவுட்டரே ஐடியாக எடுத்துக்கொள்ளும்; பல ரவுட்டர்களில் இதுவே இயல்புநிலை. எல்லாம் நன்றாகவே நடந்தது. ஒருமுறை, ஒரே தரவைப் பலருக்கு ஒருசேர அனுப்பும் மல்டிகாஸ்ட் போக்குவரத்துக்கான சந்திப்பு முனையாக இரண்டு ரவுட்டர்களை ஏற்படுத்தினோம். ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும்படி, பல ரவுட்டர்கள் ஒரே முகவரியைப் பகிரும் எனிகாஸ்ட் முறையில் இரண்டிலும் 10.20.255.1 என்ற ஒரே முகவரியை இன்னொரு லூப்பேக்கில் எழுதினோம். அந்த முறையில் முகவரி இரட்டையாக இருப்பது பிழையன்று, வேண்டுமென்றே செய்வது. அவற்றின் சொந்த லூப்பேக் முகவரிகள் 10.20.0.7, 10.20.0.8. எண்ணளவில் புதிய முகவரி இரண்டையும்விடப் பெரியது என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையும் அன்று எழவில்லை, ஏனெனில் ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டர் தன் ஐடியை இடையில் மாற்றிக்கொள்ளாது.

ஏழெட்டு மாதங்கள் கழித்து மின்பராமரிப்புக்காக அந்த இரண்டு ரவுட்டர்களையும் ஓர் இரவில் அணைத்து ஏற்றினோம். இரண்டும் எழுந்ததும் மிகப் பெரிய லூப்பேக் முகவரியைத் தேடி, இரண்டுமே 10.20.255.1 என்று தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டன. விடியும்வரை மின்சாரத்தையும் கம்பிகளையும் சந்தேகித்துக்கொண்டிருந்தோம். அன்றிரவு நடந்த ஒரே வேலை மின்வேலைதானே! இரட்டை ஐடி என்று ரவுட்டர்களின் பதிவேட்டில் எச்சரிக்கை வரிகள் வந்தபடியே இருந்தன. ஆயிரக்கணக்கான பிற வரிகளுக்கு நடுவே அவற்றை யாரும் படிக்கவில்லை. காரணம் தெரிந்த பிறகு சரிசெய்ய ஒவ்வொரு ரவுட்டருக்கும் ஒரு வரி போதுமானதாக இருந்தது. அவசரத்தில் பழைய பெயரிலான அறிவிப்பைத் திரும்பப் பெறாமலேயே ஓஎஸ்பிஎஃப்பை மறுதொடக்கம் செய்துவிட்டதால், 10.20.255.1 என்ற ஆவி ரவுட்டர் ஒன்று மேலும் சிறிது நேரம் தரவுத்தளத்தில் தங்கியிருந்தது. அண்டை ரவுட்டர்கள் எதுவும் அந்தப் பெயரைச் சுட்டாததால் அது யாருக்கும் பாதை காட்டவில்லை, தூக்கமிழந்த எங்களை மட்டும் பயமுறுத்தியது.

இரு ரவுட்டர்களும் நேரடி அண்டையராக இருந்தால் பழுது விரைவில் புலப்படும், ஏனெனில் அவை உறவே கொள்ளா. தரவுத்தளத்தைப் பரிமாறிக்கொள்ளத் தொடங்கும்போது ஐடி பெரிதாக உள்ளது தலைமை ஏற்க வேண்டும். சமமாக இருந்தால் யார் தலைமை என்பதே முடிவாகாது. பல ரவுட்டர்கள் அதற்கும் முன்பே, அண்டை வீட்டாரின் வாழ்த்துச் செய்தியில் தன் ஐடியையே கண்டு, எச்சரிக்கையோடு ஒதுங்கிவிடும். ஆபத்தானது தொலைவில் இருக்கும் இரட்டையர்தான். அவர்கள் வெவ்வேறு ஏரியாக்களில், அதாவது ஓஎஸ்பிஎஃப் வலையமைப்பின் வெவ்வேறு உட்பிரிவுகளில் இருந்தால் ரவுட்டர் அறிவிப்புகள் ஏரியா எல்லையைத் தாண்டாததால் மோதல் நெடுங்காலம் மறைந்தே கிடக்கக்கூடும். இருவரும் வெளிப் பாதைகளை ஓஎஸ்பிஎஃப்புக்குள் கொண்டுவரத் தொடங்கும் நாளில், அந்த வகை அறிவிப்புகள் ஏரியா எல்லைகளையும் தாண்டிப் பரவுவதால், சண்டை வெளியே வரும்.

லிங்க்-ஸ்டேட் வகையைச் சேர்ந்த மற்றொரு நெறிமுறையான ஐஎஸ்-ஐஎஸ் (IS-IS) என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. அங்கே அடையாளம் 6 பைட் நீளமுள்ள சிஸ்டம் ஐடி. வழக்கமாகப் பொறியாளர்கள் லூப்பேக் முகவரியின் ஒவ்வொரு பகுதியையும் மூன்று இலக்கமாக நிரப்பி, நான்கு நான்காகப் பிரித்து எழுதுவார்கள்: 192.168.1.1 என்பது 1921.6800.1001 ஆகும். கையால் எழுதியே ஆக வேண்டும் என்பதால் தானாகத் தேர்வு செய்வதன் தொல்லை இதில் குறைவு. ஒரு பூச்சியத்தை இடம்மாற்றி எழுதிவிடும் தொல்லை உண்டு. ரவுட்டரின் பெயரையும் அறிவிப்பிலேயே சேர்த்து அனுப்பும் வசதி இதில் இருப்பதால், ஒரே சிஸ்டம் ஐடிக்கு நேராகத் திரையில் இரண்டு பெயர்கள் மாறி மாறித் தோன்றினால், பார்த்த உடனே விளங்கிவிடும். ஓஎஸ்பிஎஃப்பில் இவ்வளவு தெளிவான அறிகுறி கிடைப்பதில்லை.

இரட்டை ஐடி என்பது அரிதான தற்செயல், அதற்காக இவ்வளவு கவலை தேவையா என்று சிலர் கேட்கக்கூடும். உண்மையிலேயே தற்செயலாக எண்களைத் தேர்ந்தெடுத்தால் கவலை தேவையில்லை. 32 பிட்டில் 429 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் உள்ளன. 1000 ரவுட்டர்கள் குலுக்கல் முறையில் ஐடி எடுத்துக்கொண்டால் ஏதேனும் இரண்டு மோதும் வாய்ப்பு ஏறத்தாழ 8,600-இல் ஒன்று. மோதலுக்குச் சரிபாதி வாய்ப்பு ஏற்பட ஏறக்குறைய 77,000 ரவுட்டர்கள் வேண்டும். ஆனால் நடைமுறையில் யாரும் குலுக்கி எடுப்பதில்லை. ஒரு ரவுட்டரின் கான்ஃபிகரேஷனை, அதாவது அதன் அமைப்புக் கட்டளைகளை, நகலெடுத்து அடுத்ததில் ஒட்டி, இடைமுக முகவரிகளை மாற்றிவிட்டு ஐடி வரியை மறந்துவிடுகிறோம். மென்பொருளாகவே இயங்கும் மெய்நிகர் ரவுட்டரின் படிமம் ஒன்றைத் தயாரித்து அதிலிருந்து பத்து எழுப்புகிறோம். தனித்தனியாக வளர்ந்த இரண்டு வலையமைப்புகளை இணைக்கிறோம். இரண்டிலும் முதல் ரவுட்டருக்கு 1.1.1.1 என்று பெயர் வைத்திருப்பார்கள்.

தானாகத் தேர்வு செய்வதை முற்றிலும் எதிர்ப்பவனல்லன் நான். பொறியாளர் எவரும் இல்லாத வீட்டு வலையமைப்புகளை மனத்திற்கொண்டு 2015-இல் வெளியான ஆர்எஃப்சி 7503, ஓஎஸ்பிஎஃப் மூன்றாம் பதிப்புக்குத் தன்னமைவு முறையை வகுத்தது. ஒவ்வொரு ரவுட்டரும் தன் வன்பொருளின் கைரேகை போன்ற நீண்ட எண் ஒன்றையும் அறிவிப்போடு சேர்க்கும். தன் ஐடியில் வந்த அறிவிப்பில் வேறு கைரேகை இருந்தால், அது தன் பழைய நிழல் அன்று, இன்னொரு ரவுட்டர் என்று தெரிந்துவிடும். இருவருள் ஒருவர் வேறு ஐடிக்கு மாறிக்கொள்வார். தானாகத் தேர்வு செய்யும் உரிமையைக் கொடுத்தால் தவறைத் தானாகக் கண்டறியும் கடமையையும் கூடவே கொடுக்க வேண்டும் என்பதை அந்த ஆவணம் உணர்ந்திருக்கிறது. நம் பெரிய வலையமைப்புகளில் ஓடும் பழைய இயல்புநிலை முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே இத்துறையில் பணிபுரியும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள், ஐடியைக் கையால் எழுதுங்கள் என்பதே. லூப்பேக் முகவரியையே ஐடியாகவும் எழுதுவதில் தவறில்லை. நினைவில் வைக்க எளிது, நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அது நீங்கள் தெரிந்து செய்த முடிவாக இருக்கட்டும். முகவரிகளுக்குப் பதிவேடு வைத்திருப்பதுபோல் ஐடிகளுக்கும் தனிப் பத்தி வையுங்கள். இரட்டை ஐடி எச்சரிக்கையை ஆயிரம் வரிகளுக்கு நடுவே விடாமல், இரவானாலும் யாரையாவது எழுப்பும் வகையில் அமையுங்கள். இப்போது தானாக எடுத்த ஐடியோடு ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரில் வேறு எண்ணை எழுதினால், அது நடைமுறைக்கு வர ஓஎஸ்பிஎஃப் மறுதொடக்கம் ஆக வேண்டும், அண்டை உறவுகள் எல்லாம் ஒருமுறை அறுந்து சேரும். எனவே பராமரிப்பு நேரத்தில், ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். பதற்றமில்லாத குறுக்குவழி ஒன்றும் உண்டு: ரவுட்டர் இப்போது எந்த எண்ணைத் தன் ஐடியாகக் காட்டுகிறதோ, அது வேறெங்கும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதே எண்ணைக் கையால் எழுதிவிடுங்கள். இன்று எதுவும் மாறாது, அடுத்த மின்தடைக்குப் பிறகும் எதுவும் மாறாது.

கட்டுரையாளரின் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதிலாக, "ஒவ்வொரு ரவுட்டரும் வலையமைப்பு முழுவதிலும் வேறெந்த ரவுட்டருக்கும் இல்லாத ஓர் எண்ணால் அடையாளம் காணப்படுகிறது, அந்த எண் முகவரி போலத் தோன்றினாலும் முகவரியாக இருக்க வேண்டியதில்லை" என்ற திருத்தத்தைத் தாங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அறிவியல் இணைப்பைக் கத்தரித்துப் பாடமாக வைத்துக்கொள்ளும் மாணவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகப் படத்தையும் மறுமுறை அச்சிடுவதாக இருந்தால், ஐந்தாவது ரவுட்டருக்கு 10.0.0.5 என்று எண்ணிடுமாறு ஓவியரிடம் சொல்லுங்கள். அச்சுக்குப் போகும் முன் ஆறு எண்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகரான ஒரு வலையமைப்புப் பொறியாளர்